விளம்பரம் செய்யாதீர்

ஆலங்குடிப் பக்கத்துக் கீற்றுக்கொட்டகையில் இடைவேளைக்கு ஸ்லைடு போடுவார்கள். ஜவுளிக்கடை, உரக்கடை, மூக்குப்பொடி. கண்ணாடித் துண்டில் கையால் எழுதியது. சிலசமயம் தலைகீழாக வரும், விசில் பறக்கும். தரை டிக்கெட்டில் யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் உரக்கடைக்காரருக்குத் தெரியாது. பாதிப் பேர் அந்நேரம் வெளியே முறுக்குத் தின்றுகொண்டிருப்பார்கள். சுவர் விளம்பரம் இன்னும் கௌரவம். எழுத வருகிறவர் வீட்டுக்காரரைக் கேட்பார், வெள்ளையும் அடித்துக் கொடுப்பார். தெருப் பக்கத்துச் சுவருக்கு அப்பா சுண்ணாம்பு வாங்கியதே இல்லை. பிடிக்காதவர்கள் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிவைப்பார்கள். மதிப்பார்கள், அல்லது அதன்மேலேயே எழுதுவார்கள்.

இப்போது ஒரு ராத்திரி ‘முழங்கால் வலி’ என்று போனில் தேடினேன். விடிந்ததும் தைலம், உறை, ஆபரேஷன் என்று வரிசையில் நிற்கிறார்கள்.

வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி மாத மொய் விருந்தில் நாம் செய்தது நோட்டில் ஏறும். ஏறியது ஒருநாள் திரும்பி வரும். வாட்ஸ்அப்பும் நோட்டுப் போடுகிறது, திரும்பச் செய்கிற வழக்கம்தான் அந்த வம்சத்தில் இல்லை. 2021-ல் அது வைத்த நிபந்தனை: உன் விவரத்தை ஃபேஸ்புக்கோடு பகிர்வேன், சம்மதமானால் இரு, இல்லாவிட்டால் போ. எங்கே போவது? சம்பந்தி முதல் பால்காரர் வரை உள்ளேதான் இருக்கிறார்கள். அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் முதலாளி மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 2022 அக்டோபரிலேயே 1,337.76 கோடி. தேடலில் கூகுள் செய்வது சட்டவிரோத ஏகபோகம் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அபராதமெல்லாம் அரசாங்கக் கஜானாவுக்கு. நோட்டில் பேர் ஏறிய நமக்கு ஒரு தாம்பூலப் பைகூடக் கிடையாது.

ஆனாலும் புதுக்கோட்டைக்காரன் கூகுளை ரொம்பத் திட்ட முடியாது, யூடியூபும் அதனுடையதுதான். நம் சின்ன வீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் 2018-ல் வயக்காட்டில் அடுப்பு மூட்டினார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல்! 2021-ல், தமிழ் யூடியூப் சேனல்களில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது அவர்கள்தான். வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 சமைத்தவருக்கு, 45 யூடியூபுக்கு. யூடியூப் அடுப்பும் ஊதவில்லை, அம்மியும் அரைக்கவில்லை. சரி, வேறு இடத்துக்குப் போகலாமென்றால், பார்க்கிற அத்தனை பேரும் இங்கேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்?

அண்டாவில் கறி கொதிக்கிற நேரம் பார்த்து நிறுத்தி, எனக்கு மூட்டுத் தைலம் காட்டுகிறார்கள். தள்ளிவிடாமல் பார்க்கிறேன். என் முழங்காலால் சின்ன வீரமங்கலத்துக்கு நாலு காசு போகட்டும். மிச்சம் கலிபோர்னியாவுக்குப் போவதை நினைத்தால்தான் மறுபடி வலிக்கிறது.