பாணுக்கும் ஒரு மீற்றர் வேண்டும்: ஒஃப்ஜெம்முக்கு ஒரு மூலைக்கடைக்காரனின் விண்ணப்பம்

பெறுநர்: பிரித்தானிய எரிசக்திச் சந்தையை மேற்பார்வை செய்யும் ஒஃப்ஜெம் அதிகாரிகள், கனரி வோர்ஃப், இலண்டன்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

கிழக்கு இலண்டனில் மூலைக்கடை வைத்திருக்கும் தமிழன் ஒருவன் எழுதிக்கொள்வது. பால், பாண், லொத்தர் சீட்டு, ஞாயிறு பத்திரிகை எல்லாம் விற்கிறேன். மேசை ஓரத்தில் ஒரு மஞ்சள் மெஷினும் இருக்கிறது. மின்சாரச் சாவியோடும் காஸ் அட்டையோடும் வருகிற சனத்திடம் காசை வாங்கி, அந்த மெஷினில் ரொப்-அப் செய்து கொடுப்பேன். அதில் எனக்குக் கிடைக்கிற கொமிஷனைப் பற்றிப் பேசினால் உங்களுக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம். விட்டுவிடுவோம். ஆனால் அந்த மெஷினுக்குப் பின்னால் நின்றே உங்கள் சந்தையின் வியாபார முறையைக் கற்றுக்கொண்டேன். அதை என் கடையிலும் நடைமுறைப்படுத்த நீங்கள் அனுமதி தரவேண்டும்.

என் பழைய முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கையில் காசில்லாதவருக்குப் பாணைக் கொடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். காசுள்ளவர் அந்த இடத்திலேயே காசைத் தந்துவிட்டுப் போவார். ஊரில் அப்பாவும் இப்படித்தான் கடை நடத்தினார். காசில்லாதவனுக்குத்தானே கடன் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தோம். உங்கள் சந்தையில் வசதியுள்ளவர் முதலில் எரித்துவிட்டுப் பிறகு பில்லைப் பார்க்கிறார். பில் கட்டமுடியாமல் போனவருக்குத்தான் முற்பண மீற்றர்: முதலில் காசைப் போடு, பிறகு சுவிட்சைப் போடு. பழைய கடன் இருந்தால் அதையும் கிழமைக்கு இவ்வளவு என்று மீற்றரே பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு இந்த மூளை இருந்திருந்தால் நான் இன்று மூலைக்கடையில் நின்றிருக்க மாட்டேன்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். முற்பண மீற்றர்க்காரரிடம் ஆண்டுக்கணக்கில் கூடுதல் விலை வாங்கினார்கள். 2023 யூலையில் அரசாங்கம் காசு போட்டு அதைச் சமப்படுத்தியது. 2024 ஏப்ரலிலிருந்து நீங்களே ஸ்டாண்டிங் சார்ஜை, அதாவது நாளாந்த நிலைக் கட்டணத்தை, சரிசெய்தீர்கள். இப்போது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டுகிற டிரெக்ட் டெபிற்காரரைவிட இவர்களுக்கு விலை சற்றுக் குறைவு. அதற்கு நன்றி. இந்தக் கடிதத்தில் நான் பகிடி இல்லாமல் எழுதுகிற நன்றி இது ஒன்றுதான்.

இனி என் திட்டத்துக்கு வருகிறேன். கடைக்கும் ஒரு ஸ்டாண்டிங் சார்ஜ் வேண்டும். 2025 ஒக்ரோபரில் உங்கள் விலை வரம்பு ஒரு வீட்டுக்கு மின்சாரத்துக்காக நாளொன்றுக்கு 53 பென்ஸுக்கு மேலும், காஸுக்காகச் சுமார் 34 பென்ஸும் அனுமதித்தது. ஒரு பல்பும் எரியாத நாளுக்கும் அது உண்டு. நான் பேராசைக்காரன் இல்லை, ஐம்பது பென்ஸ் போதும். ஒருவர் கையில் காசில்லாமல் ஒரு கிழமை கடைப்பக்கம் வரவில்லை என்று வையுங்கள். எட்டாம் நாள் ஐந்து பவுணோடு வருவார். ஏழு நாள் கட்டணம் மூன்றரைப் பவுணை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சம் ஒன்றரைப் பவுணுக்குப் பாண் கொடுப்பேன். “நான் இந்தப் பக்கம் வரவேயில்லையே” என்பார். “அதற்குத்தான் இது” என்பேன். எங்கள் ஊரில் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். எரியாத வீட்டிலும் பிடுங்கலாம் என்று காட்டியவர்கள் நீங்கள்.

கடையின் ஈவிரக்கத்தைக் காட்ட அவசரப் பாணும் வைத்திருப்பேன். மீற்றரில் காசு முடிந்ததும் ஐந்து பவுணோ பத்துப் பவுணோ எமர்ஜென்சி கிறெடிற் விழுகிறதல்லவா, அதே மாதிரி. அடுத்த தடவை வரும்போது அவசரப் பாணின் காசு, வராத நாட்களின் கட்டணம், பழைய கடனின் தவணை எல்லாம் கழித்த பிறகுதான் புதுப் பாண். இரவிலும் வார இறுதியிலும் இணைப்பைத் துண்டிக்காத ‘நட்பு நேரம்’ என்று ஒன்றையும் கம்பனிகள் வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் எரித்ததெல்லாம் கணக்கில் ஏறும், காலை ஒன்பது பத்து மணிக்கு நட்பு முடிந்துவிடும். என் நட்புகளையும் இப்படி மணி பார்த்து ஒழுங்குபடுத்த உத்தேசம்.

கடன் வாங்கியவர் மீற்றர் வேண்டாம் என்று கதவைப் பூட்டிக்கொண்டால்? அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்துக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, நீதவானின் நுழைவாணைதான் தேவை. வட இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றம் 496 நுழைவாணைகளை 3 நிமிடம் 51 விநாடியில் வழங்கியதாக 2022 இறுதியில் பத்திரிகையில் வந்தது. ஒரு வீட்டுக்கு அரை விநாடிகூட இல்லை. அந்த நேரத்தில் என்னால் ஒரு லொத்தர் சீட்டைக்கூட அடித்துக் கொடுக்கமுடியாது. 2023 பெப்ரவரியில் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஒருவர் பிரிட்டிஷ் காஸின் கடன் வசூல் முகவர்களோடு வேலைக்காரர்போல் போய், நலிந்தவர்களின் வீடுகளுக்குள் எப்படி நுழைந்து மீற்றர் பூட்டுகிறார்கள் என்று எழுதினார். நாடே அதிர்ந்தது. நீங்களும் அதிர்ந்தீர்கள். எடிஸ் என்ற மூத்த நீதிபதி நுழைவாணைகளை நிறுத்தச் சொன்னார். விதிகள் திருத்தப்பட்டன, 2024 ஜனவரியில் மூன்று கம்பனிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த நிறுத்தத்துக்கு முந்தைய காலத்துக்காக 2025-இல் எட்டுக் கம்பனிகள் சுமார் 40,000 பேருக்கு 56 இலட்சம் பவுண் இழப்பீடு கொடுக்கும் என்று அறிவித்தீர்கள். சராசரியாகத் தலைக்குச் சுமார் 140 பவுண் வருகிறது. கதவு, பூட்டு, மானம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் புதிய விதிகளைப் படித்தேன். நல்ல விதிகள்தான். பலவந்தமாக மீற்றர் பூட்டுமுன் பத்துத் தடவையாவது தொடர்புகொள்ள வேண்டும், போகிறவர் உடலில் கமராவோ ஒலிப்பதிவுக் கருவியோ இருக்கவேண்டும், பூட்டும்போது 30 பவுண் வரவு வைக்கவேண்டும். துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவரின் வீட்டிலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலும் பூட்டவே கூடாது. குழந்தைக்கு இரண்டு முடிந்தால் அந்த முழுத்தடை போய்விடும், பிறகு நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆகவே இரண்டாவது பிறந்தநாளுக்கு மெழுகுதிரி வாங்க வரும் தாய்மாரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறேன். ஸ்மார்ட் மீற்றர் உள்ள வீடென்றால் பலவந்தமாக உள்ளே நுழைகிற சிரமம் இல்லை. அலுவலகத்தில் இருந்தபடியே முற்பண முறைக்கு மாற்றிவிடலாம். அதற்கும் இதே விதிகள்தான், பூட்டுத் திறக்க ஆள்தான் தேவையில்லை.

2022–23 குளிரில் அரசாங்கம் வீட்டுக்கு 400 பவுண் கொடுத்தது ஞாபகம் இருக்கும். டிரெக்ட் டெபிற்காரர் கணக்கில் அது தானாகவே இறங்கியது. நீச்சல் குளத்தைச் சூடாக்குகிறவருக்கும் இறங்கியது. பழைய சாவி மீற்றர்க்காரருக்கு மட்டும் மாதாமாதம் தபாலிலோ மின்னஞ்சலிலோ மெசேஜிலோ வவுச்சர். அதை அடையாள அட்டையோடு கடைக்குக் கொண்டுவர வேண்டும், 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். வீடு மாறியவரின் வவுச்சர் பழைய வீட்டுக்குப் போனது. வேறு மெஷின் கம்பனியின் வவுச்சரோடு வந்து, மெஷின் ஏற்காமல் திரும்பியவர்களும் உண்டு. மிகவும் தேவைப்பட்டவர் கைக்கு உதவி மிகவும் சுற்றுவழியாகப் போய்ச்சேர வேண்டும் என்ற இந்தத் தத்துவத்தை என் கடையில் எங்கே பொருத்துவது என்று இன்னும் யோசிக்கிறேன்.

உங்கள் சந்தையின் சிக்கனக் குறிப்புகளை மட்டும் நான் விநியோகிக்கப் போவதில்லை. சூடாக்கியை ஒரு டிகிரி குறையுங்கள் என்ற துண்டறிக்கையை என் வாடிக்கையாளர் ஒருவரிடம் நீட்டினேன். அவர் போன மாதமே சூடாக்கியை முற்றாக நிறுத்திவிட்டாராம், இனி எந்த டிகிரியைக் குறைப்பது என்று கேட்டார். செலவைச் சமாளிக்க இந்தச் சனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மீற்றரில் ஒரு பவுண் பத்துப் பென்ஸ் மிச்சமிருந்தால் ஒரு தடவை துணி தோய்க்கலாமா, தோய்த்தால் காலை வரை ஃபிரிட்ஜ் ஓடுமா என்பதெல்லாம் என் மேசையில் சாய்ந்துகொண்டே கணக்குப் பார்ப்பார்கள். உங்கள் கம்பனிகளின் கணக்காளர்களை ஒரு கிழமை இங்கே அனுப்பினால் பயிற்சி கொடுக்கலாம்.

விண்ணப்பத்தோடு ஒரு கேள்வியும் இருக்கிறது. காஸைச் சூடாக்கிக்கு மட்டும் பாவிக்கிற வீடுகள் மே முதல் ஓகஸ்ட் வரை அதைத் தொடுவதில்லை, அட்டையில் காசும் போடுவதில்லை. அந்த நான்கு மாதத்துக்கு 30 பவுணுக்கு மேல் ஸ்டாண்டிங் சார்ஜ் சத்தமில்லாமல் ஏறிவிடும். கோடையிலும் கிழமைக்கு இரண்டு பவுண் போட்டுவையுங்கள் என்று விஷயம் தெரிந்தவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன். தெரியாதவர் ஒக்ரோபரில் முதல் குளிர் விழுந்த அன்று பத்துப் பவுண் போட்டுக்கொண்டு போய், அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து, சூடாக்கி வேலை செய்யவில்லை, என் பத்துப் பவுண் எங்கே என்று என்னைத்தான் கேட்கிறார். மெஷினிலோ மீற்றரிலோ பிழை இல்லை. கம்பனியிடம் கேட்டால் விதிப்படிதான் பிடித்தோம் என்கிறார்கள். விதியை எழுதியவர்கள் நீங்கள். அவருக்கு நான் சொல்லவேண்டிய பதிலை ஒரு பக்கத்துக்குள், பெரிய எழுத்தில் அனுப்பிவையுங்கள். மெஷினுக்கு மேலே ஒட்ட இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மஞ்சள் மெஷினுக்குப் பின்னால் நிற்பவன்