நானே செஞ்சிடறேன்

டீம் லீட் ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "தனி ரூம் உண்டா?"

இல்லை.

"பியூன்?"

இல்லை.

"கையெழுத்துப் போடற அதிகாரமாவது?"

ஆறு பேருக்கு லீவு சாங்ஷன் செய்யலாம். ஆனால் கையெழுத்து கிடையாது, மவுஸால் ஒரு தட்டு, அவ்வளவுதான் என்றேன். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிரித்துக்கொண்டார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஆறு பேரா? எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன்ல மட்டும் எனக்கு நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டு குக்கர் விசிலை எண்ணப் போனாள்.

பதினோரு வருஷம் கோடு எழுதினேன். நன்றாக எழுதினேன் என்பதால்தான் இனிமேல் எழுதாதே என்று லீடாக்கினார்கள். நன்றாகப் பாடுகிறவனைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீ சபா செகரட்டரி, டிக்கெட் கிழி" என்பது மாதிரி. லாரன்ஸ் பீட்டர் என்பவர் இதைப் பற்றி 1969-லேயே புத்தகம் போட்டிருக்கிறார். எந்த வேலை தனக்கு வராதோ அந்த நாற்காலி வரைக்கும் மனிதன் பதவி உயர்ந்துகொண்டே போவானாம். பலருக்கு அதற்கு ஐந்தாறு படி ஏற வேண்டியிருக்கும். எனக்கு ஒரே படியில் முடிந்தது.

என் முதல் குற்றம் மூன்றாவது வாரம் நடந்தது. டீமில் திருநெல்வேலிப் பையன் ஒருவன், சேர்ந்து ஏழு மாதம். ஒரு ரிப்போர்ட் திறக்க நாற்பது விநாடி எடுக்கிறது, சரி செய் என்று அவனிடம் கொடுத்திருந்தேன். கொடுத்தேன் என்றுதான் பெயர். சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது அதைப் பற்றியே நினைப்பு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவன் எழுதியிருந்த வரிகள் என்னைப் பார்த்து இளித்தன. இரண்டு மணிக்கு மூடும்போது ரிப்போர்ட் மூன்று விநாடியில் திறந்தது. அவன் எழுதியதில் ஒரு வரி மிச்சமில்லை.

காலையில் வந்து நின்றான். கோபமில்லை, அழுகையில்லை. "சார், சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேனே."

அன்று சாயங்காலம் என் மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டார். "உன்னை லீட் பண்ணச் சொன்னோம். நீ ஏழாவது டெவலப்பரா நைட் ஷிப்ட் பாக்கறே" என்றார். டீக்குக் காசும் என்னையே கொடுக்க வைத்தார்.

நமக்கு ஒரு விஷயம் வரவில்லை என்றால் புத்தகம் வாங்குவதுதானே வழக்கம்? இன்டெல் கம்பெனியை நடத்திய ஆண்டி குரோவ் 1983-இல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' வாங்கினேன். மேனேஜர் என்ன சாதித்தார் என்பதற்கு அவர் வைக்கும் அளவு, அந்த ஆளின் கீழும் செல்வாக்கிலும் இருப்பவர்கள் என்ன சாதித்தார்கள் என்பது. தனியாக உட்கார்ந்து பேசும் 'ஒன் ஆன் ஒன்' சந்திப்பில் எதைப் பேசுவது என்று தீர்மானிக்க வேண்டியவர், கீழே வேலை செய்கிறவர். எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆபீசில் முயன்று மானம் போவதைவிட வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்று ஒன்பதாவது படிக்கும் மகனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன்.

"என்ன பேசலாம்னு நீதான் சொல்லணும்" என்றேன்.

"போன்."

"சரி. அப்புறம்?"

"அவ்ளோதான். போன்."

கூட்டம் நாற்பது விநாடியில் முடிந்தது, பழைய ரிப்போர்ட் மாதிரி.

கூகுள் கதையையும் படித்தேன். 2000-களின் தொடக்கத்தில் அங்கே இன்ஜினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில மாதம்தான் தாங்கியது. செலவுக் கணக்கிலிருந்து ஊழியர் சண்டை வரை எல்லாம் நேரே லாரி பேஜ் முன்னால் போய் நின்றதாம். எங்கள் வீட்டில் லாரி பேஜ் என் மனைவி. என் சாக்ஸில் ஒற்றை, அப்பாவின் பிரஷர் மாத்திரை, பையனின் சார்ட் பேப்பர் என்று மூன்று பேரும் இடைத்தரகர் இல்லாமல் அவளிடமே மனு கொடுக்கிறோம்.

பிற்பாடு அதே கூகுள், 2008-இல் 'ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்' என்று ஆராய்ச்சி தொடங்கி, நல்ல மேனேஜரின் குணங்கள் எட்டு என்று பட்டியல் போட்டது. முதலிடம், சொல்லிக்கொடுத்து ஆளை வளர்ப்பதற்கு. தொழில்நுட்ப அறிவு எட்டாவது இடம். என்னிடம் இருக்கும் ஒரே சரக்குக்குக் கடைசி இடம் என்று மனைவியிடம் புலம்பினேன். "லிஸ்ட்ல இருக்குல்ல? சந்தோஷப்படுங்க" என்றாள். டீச்சர்கள் இப்படித்தான் பெற்றோரையும் சமாளிப்பார்கள் போலிருக்கிறது.

தீபாவளிக்கு முதல் நாள். மனைவிக்கு அன்றுதான் லீவு. சொந்தக்காரர், பக்கத்து வீடு, வாட்ச்மேன் என்று கணக்குப் போட்டால் நான்கு கிலோ மாவுக்குத் தேன்குழல். மணி மூன்று, பாதிகூட ஆகவில்லை. லீடாயிற்றே, சும்மா இருக்கலாமா? மகனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தேன். பிரெட் புரூக்ஸ் என்று ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்தி நொந்தவர், தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதி வைத்திருக்கிறார். அதையும் படித்திருந்தேன். படித்தது தேன்குழலுக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை.

மகன் மாவைப் பிசைந்தான், ஒரே தடவையில் ஒரு கிலோவுக்கு. பிசைந்து வைத்த மாவு காத்திருந்தால் முறுக்கு சிவந்துபோகும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா கண்ணாடி இல்லாமல் அடுப்பைக் குறைப்பதாக நினைத்துக் கூட்டினார். நான் நாழியில் மாவை அடைத்து எண்ணெய்க்கு மேலே பிடித்து அழுத்தினேன். நடுவில் காற்று புகுந்து 'பட்'டென்று ஓர் ஓசை. முறுக்கு விழவில்லை, நிறுத்தற்குறிகள் விழுந்தன.

மனைவி நாழியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "விடுங்க. சொல்லிக்குடுக்கற நேரத்துல நானே செஞ்சிடறேன்."

"சொல்லியிருந்தா நானே சரியாப் பிழிஞ்சிருப்பேனே" என்று வாயைத் திறந்தவன், பாதியில் நிறுத்தினேன். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேன். திருநெல்வேலி உச்சரிப்பில்.

அவளிடம் அந்தக் கதையைச் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாழியைத் திருப்பிக் கொடுத்து, மாவை எப்படி அமுக்கி அடைப்பது என்று ஒருமுறை காட்டிவிட்டு, அடுக்களையைவிட்டு வெளியே போனாள். பத்து நிமிஷம் வரவேயில்லை. முதல் நான்கு கம்மல் சைஸுக்கு வந்தன. ஐந்தாவது கிட்டத்தட்ட வட்டம். பிறகு விசாரித்தேன்: பால்கனியில் நின்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

கம்மல்களை வெளியே யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்களே தின்று தீர்த்தோம்.

அடுத்த வாரம் அதே பையனிடம் புதிதாக ஒரு வேலை கொடுத்தேன். ரிலீஸ் அன்று கீபோர்டில் என் கை போகாமலிருக்க காபி மெஷின் பக்கத்திலேயே நின்றேன். நான்கு காபி ஆயிற்று. முக்கால் மணி நேரம் தாமதமாக ஏற்றினான். இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. அதில் ஒரு வேரியபிளுக்கு 'டெம்ப்2ஃபைனல்' என்று பெயர் வைத்திருக்கிறான். உலகத்தில் எந்த அர்த்தமும் இல்லாத பெயர். நான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திறந்து பார்த்ததோடு சரி.