களம்பூர்த் தறிவீடுகளில் பீரோ நகர்வு: ஓர் உராய்வியல் நோக்கு

பீரோவை நகர்த்துவது அகத்திணையா புறத்திணையா என்று இதுவரை எந்த ஆய்வாளரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் நடப்பதால் அகம்; சத்தம் தெருமுனை வரை கேட்பதால் புறம். இந்த வெற்றிடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வெற்றிடம் ஒன்று இருப்பதாகச் சொல்லாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது என்பது மரபு. நிரப்பிய பிறகும் அது அப்படியே இருக்கும் என்பதும் மரபே.

ஆய்வுக் களம் களம்பூர். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்குப் பக்கம். ஊரில் ரயில் நிலையம் உண்டு. அதன் பெயர் 'ஆரணி ரோடு'. இங்கே நெய்கிற பட்டு கடைக்குப் போனதும் ஆரணிப் பட்டு. புவிசார் குறியீடும் அந்தப் பெயருக்கே. அரிசி மட்டும்தான் களம்பூர் என்ற சொந்தப் பெயரோடு மூட்டையேறுகிறது. இந்தத் தகவல் பின்னர் பயன்படும்.

தறிவீட்டை ஏன் தேர்ந்தெடுத்தோம்? குழித்தறி நகராது. தரையில் குழி வெட்டி, கால் நட்டு, வீட்டோடு வீடாக இறங்கிவிட்ட பொருள் அது. நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார். அவரையும் நகர்த்த முடியாது. ஆகவே வெள்ளையடிப்பதானாலும் பெண் பார்க்க வருவதானாலும் நகர வேண்டியது பீரோதான் (பெரியம்மா, வாய்மொழி).

நாடாவை ஆய்வில் சேர்த்திருக்கலாமே என்று கேட்பார்கள். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் பாவின் மேல் வழுக்கிக்கொண்டு மறுபக்கப் பெட்டிக்குள் போய் நிற்கிறது. ஜான் கே 1733இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. நன்றாக வேலை செய்கிறது. ஆகவே ஆய்வுக்கு உதவாது.

முன்னோர் ஆய்வுகளுக்கு வருவோம். உராய்வின் விதிகளை முதலில் கண்டவர் லியொனார்டோ டாவின்சி. குறிப்பேட்டில் எழுதிவைத்ததோடு சரி, அச்சிடவில்லை. ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, 1699இல், பிரான்சின் அமோந்தோன் அதையே தாமாகக் கண்டுபிடித்தார். இன்னொருவர் எழுதியதைப் படிக்காமலேயே அதே முடிவுக்கு வருவது அன்று சாத்தியமாயிருந்தது. படித்துவிட்டும் படிக்காதவர்போல் அதே முடிவுக்கு வரும் முறை பிற்காலத்தில் நம் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது.

அமோந்தோன் விதி இரண்டு. உராய்வு பாரத்துக்கு ஏற்பக் கூடும். தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. எனவே "பீரோவைப் படுக்க வைத்துத் தள்ளினால் லேசா வரும்" என்பது பிழை (எதிர்வீட்டு மாமா, திண்ணை உரை, முதல் காபிக்கு முன்). அமோந்தோனுக்கு இளமையிலேயே காது கேட்காமல் போயிற்று. வேலையில் மனம் ஊன்ற அது வசதி என்றே அவர் நினைத்தாராம். நான்கு பேர் யோசனை சொல்ல நடுவில் நின்று பீரோ தள்ளியவர்களுக்கு இது விளங்கும்.

அடுத்தவர் கூலோம். 1781இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற ஆய்வில், மரத்தின் மேல் மரம் அசையாமல் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அதைக் கிளப்பக் கூடுதல் விசை வேண்டும் என்று காட்டினார். கிளம்பிவிட்டால் அதைவிடக் குறைந்த விசையே போதும். இந்த இடத்தில்தான் யோசனை சொல்வோர் வருகிறார்கள். பீரோ கிளம்பி அரை அடி வழுக்கியதும், "இரு இரு, நிலைப்படியில இடிக்கும்!" என்கிறார்கள். நிற்கிறது. மறுபடியும் முதல் விசை தேவைப்படுகிறது. பீரோ நிலைப்படியில் இடித்திருக்காது (மேற்படி மாமா, திண்ணை உரை, இரண்டாம் காபிக்குப் பின், திருத்திய பதிப்பு, முதல் பதிப்பில் கூறியதை இதில் அவரே மறுத்துவிட்டு, மறுக்கவில்லை என்கிறார்).

பங்கேற்போரை இனி வகைப்படுத்தலாம்.

தள்ளுவோர்: இருவர். பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுத் தம்பியும்.

முட்டுக்கட்டை போடுவோர்: திருவாரூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போட அனுபவமும் துணிச்சலும் வேண்டும், வீட்டில் இரண்டும் வேண்டாம்.

ஐலசா போடுவோர்: தொன்மையான வகை. எகிப்தில் ஜெகுதிஹோதெப் என்ற பிரபுவின் கல்லறை ஓவியத்தில் மாபெரும் சிலை ஒன்றை 172 பேர் சறுக்கு மரத்தில் வைத்து இழுக்கிறார்கள். வயது கிட்டத்தட்ட 3900 ஆண்டு. அதில் ஒருவர் சிலையின் மடிமேலேயே ஏறி நின்று கை தட்டித் தாளம் கொடுக்கிறார். தம் எடையையும் சேர்த்து இழுக்கவிட்ட முதல் மேற்பார்வையாளர் என்று இவரைக் கொள்ளலாம். இன்னொருவர் சறுக்கு மரத்துக்கு முன்னால் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏதோ சடங்கு, தூய்மைப்படுத்துகிறார்கள் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விளக்கி வந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலை நனைத்து இழுத்துப் பார்த்தார்கள். அளவாக நனைத்தால் இழுக்கும் விசை ஏறக்குறையப் பாதியாகிறது. அதிகம் ஊற்றினால் பயனில்லை. புரியாததையெல்லாம் சடங்கு என்று எழுதும் சடங்கு அதற்குப் பிறகும் நிற்கவில்லை. பீரோவின் காலுக்கடியில் கோணி செருகுகிற நம் பெரியம்மாவை நல்லவேளையாக எந்த மானிடவியலாளரும் பார்க்கவில்லை.

இறுதி வகை, கை வைப்போர். இவர்களே இவ்வாய்வின் உயிர்நாடி.

கை வைப்பவர் தள்ளுவதில்லை. தள்ளும் பாவனையில் உள்ளங்கையைப் பீரோவின் மேல்தட்டில் ஊன்றுகிறார். பல்லைக் கடிக்கிறார். நரம்பு புடைக்கிறது. அவர் தரும் விசை சுழி என்றே இதுவரை கருதப்பட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது: அது சுழிக்கும் கீழே. கணக்கு இதோ. பீரோவின் எடை உள்ளிருப்பதோடு 100 கிலோ, உராய்வுக் கெழு 0.4 என வைத்துக்கொண்டால், அதை நகர்த்த 40 கிலோ விசை வேண்டும். இருவர் ஆளுக்கு 20 கொடுத்தால் முடிந்தது. கை வைப்பவர் ஒருவர் 10 கிலோ பாரத்தைச் சாய்த்தால் உராய்வு 4 கிலோ கூடுகிறது. ஐந்து பேர் சாய்த்தால் 20 கிலோ. இப்போது தேவை 60. மூன்றாவது ஆள் வேண்டும். கூப்பிடுகிறார்கள். மூன்றாவது ஆள் வருகிறார். வந்து கை வைக்கிறார்.

இவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே தள்ளும் எண்ணம் வந்தாலும் ஆபத்துதான். இதே கெழுவுக்கு, கிடைமட்டத்திலிருந்து 68 பாகைக்கும் மேலான சாய்வில் கீழ்நோக்கி அழுத்தினால், எத்தனை பெரிய பலசாலியும் பீரோவை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. அழுத்த அழுத்த அது தரையை இன்னும் இறுகப் பற்றும். முனைவர் பட்ட மாணவரின் ஆய்வேட்டை நெறியாளர் ஆறாண்டு 'பார்த்துக்கொண்டிருப்பது' இந்தக் கோணத்தில்தான். ஆய்வேடு ஒருவழியாக நகர்ந்ததும், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? ரயில் நிலையப் பெயர்ப் பலகையை நினைவுகூர்க.

களத்திலும் அதேதான். பீரோ போய்ச் சேர்ந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, என்னா கனம்!" என்று முதலில் சொல்பவர் கை வைத்தவரே. உண்மையில் தள்ளியவருக்குப் பேச மூச்சிருக்காது (பாட்டி, 'தள்ளாதவன் தளர்ச்சி', தொகுத்தவர் மருமகள், அணிந்துரை அதே மருமகளின் முறைப்பு, பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் கரிக்கோலால் எழுதியது, கரையான் தின்றது போக மிஞ்சிய பகுதி, தின்ற பகுதியில் மாற்றுக் கருத்து இருந்ததாக மாமா வாதிடுகிறார், கரையான் மறுக்கவில்லை).

பீரோ நகர்த்தவிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் உள்ளே இருக்கும் புடவைகளையும் பாத்திரங்களையும் வெளியே எடுங்கள். 40 கிலோ இறங்கினால் தேவைப்படும் விசையில் 16 கிலோ குறையும். பிறகு காலுக்கடியில் கோணி. அதன் பின் மற்றவர்களையெல்லாம் காபி தருவதாகச் சொல்லித் திண்ணையில் உட்காரவையுங்கள். பீரோ போய்ச் சேரும்வரை பால் காயக் கூடாது.