இக்காலப் பாணரும் புரவலரும்: 'ஸ்கிப்' பொத்தானை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. திருமுருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிரே வரும் வறிய கலைஞருக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்வதாக அமைந்தவை. இன்றைய யூடியூப் பாணரும் வழி சொல்லத்தான் செய்கிறார்: "சப்ஸ்க்ரைப் பண்ணுங்க, பெல் பட்டனைத் தட்டுங்க." ஆனால், இவருக்குப் பரிசில் தரும் புரவலர் எவர் என்பது சரிவர ஆராயப்படவில்லை. அக்குறையைப் போக்கவே, சோபாவில் சாய்ந்திருந்த இவ்வாய்வாளன் எழுந்து உட்கார்ந்தான்.

முதன்மை ஆதாரம்: எம் வீட்டாரின் கட்டைவிரல்கள். துணைமை ஆதாரம்: பக்கத்து வீட்டு டிவி. சுவர் மெல்லியது.

2. பரிசில் முறை

யூடியூப் தன் கூட்டாளர் திட்டத்தை 2007இல் தொடங்கியது. நீண்ட வீடியோக்களில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு பாணருக்கு, மிச்சம் அரண்மனைக்கு. ஷார்ட்ஸ் என்னும் குறுவகையில் பாணர் பங்கு 45. நீண்ட வீடியோ வழியே அவைக்குள் நுழைந்து விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 8 நிமிடத்தை எட்டிய வீடியோவுக்கு நடுவிலும் விளம்பரம் செருகலாம் என்பது 2020 முதல் உள்ள விதி. ரசத்துக்குப் புளி கரைப்பதற்கு முன் பாணர் தம் பாட்டியின் வரலாற்றை விரித்துரைப்பது ஏன் என்பது இதனால் பெறப்படும்.

3. புரவலர் வகை

பார்வையாளர் ஐவகைப்படுவர்.

அ) தாவுநர். விளம்பரத்தைத் தாண்டும் பொத்தான் 2010இல் வந்தது. அன்றுமுதல் 5 விநாடி எண்ணிக்கை முடியும்வரை கட்டைவிரலை அந்தரத்தில் நிறுத்தித் தவம் செய்பவர் இவர். விளம்பரத் தடுப்பான் போட்டவரைக் கண்டால் இவருக்கு ஆகாது. "அவங்களும் பொழைக்கணும்ல?" என்பார். ஆனால், பார்வைக் கணக்கில் காசு கொடுக்கும் விளம்பரதாரர், தாண்டக்கூடிய விளம்பரத்தை ஒருவர் 30 விநாடி பார்த்தாலோ, அதைவிடச் சிறியதென்றால் முழுதும் பார்த்தாலோ, தொட்டு உள்ளே போனாலோதான் பணம் தருகிறார். 6ஆம் விநாடியில் தாவியவரால் பாணருக்கு வந்தது சுழியம். இம்முடிவை வாசித்துக் காட்டியதிலிருந்து என் மைத்துனர் என்னோடு பேசுவதில்லை.

ஆ) தடுப்போர். இவர்கள் வீட்டில் விளம்பரமே நுழையாது. 2022 டிசம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ., இணையத் தேடலில் மோசடி விளம்பரங்களில் சிக்காமலிருக்கத் தடுப்பான் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதை நற்சான்றிதழ் போல் காட்டுவார்கள். 2023இல் யூடியூப், தடுப்பானை எடுக்காவிட்டால் மூன்று வீடியோவோடு சரி என்று எச்சரிக்கத் தொடங்கியது. இவர்களோ வேறு தடுப்பானுக்குக் குடிபெயர்ந்தனர். ஈண்டு ஒரு வியப்பு: புகழ்பெற்ற யூபிளாக் ஆரிஜின் தடுப்பானை உருவாக்கிய ரேமண்ட் ஹில், அதற்காக நன்கொடைகூட வாங்குவதில்லை. பரிசில் வேண்டாத பாணர் ஒருவர் இருக்கிறார். அவர் மற்றப் பாணரின் பரிசிலை நிறுத்தும் கருவி செய்கிறார்.

இ) கட்டுவோர். இந்தியாவில் யூடியூப் பிரீமியம் 2019இல் மாதம் 129 ரூபாய்க்கு வந்தது; 2024இல் 149 ஆனது. இச்சந்தாவில் ஒரு பங்கு, எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கில் பாணர்களுக்குப் பிரிகிறது. ஆக, மெய்யான புரவலர் இவரே என முடித்துவிடலாம். முடிக்கவிடாமல் தடுப்பது, தாம் கட்டுவதை இவர் வாரம் தவறாமல் நமக்கு நினைவூட்டுவதுதான். பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைப் பாட வேறு ஆள் இருந்தது. இவர் தாமே பாடிக்கொள்கிறார்.

ஈ) ஒட்டுநர். குடும்பத் திட்டத்தில் தலைவர் தவிர ஐவரைச் சேர்க்கலாம்; அனைவரும் ஒரே முகவரியில் வாழ வேண்டும் என்பது விதி. அவ்விதிப்படி திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனும் பெங்களூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். சிதைந்துவிட்டதாகச் சமூகவியலார் வருந்தும் கூட்டுக் குடும்பம் இங்கே உயிரோடிருக்கிறது என்க.

உ) மாவுக்கையர். எம் அத்தை இவ்வகையினர். செல்பேசியை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துச் சமையல் வீடியோ போடுவார். அவர் கை சப்பாத்தி மாவில் இருக்கும்போது விளம்பரம் வரும். பொத்தானை அழுத்த விரல் இல்லை. தங்க நகைச் சேமிப்புத் திட்டம், மூட்டுவலித் தைலம், மனை விற்பனை என அனைத்தும் கடைசி விநாடி வரை ஓடும். "யாராவது வந்து இதத் தள்ளி விடுங்களேன்!" என்பது அவர் குரல். வருவார் இல்லை. 30 விநாடி கடக்கிறது, கணக்கு ஏறுகிறது, 55 விழுக்காடு பாணரைச் சேர்கிறது.

4. முடிவுரை

தாவுநரும் தடுப்போரும், ஒழுக்கத்தில் வேறுபட்டாலும், அளித்த தொகையில் பெரிதும் ஒன்றே. கட்டுவோர் தருகின்றனர், ஒட்டுநர் பிறர் தந்ததில் குளிர் காய்கின்றனர். தாம் தருவதையே அறியாமல் நாள்தோறும் தருபவர் அத்தை ஒருவரே. ஆகவே இக்காலத் தமிழ்ச் சமையல் பாணரின் தலையாய புரவலர் மாவுக்கையர் என்று இவ்வாய்வு நிறுவுகிறது.

வாசகருக்கு ஒரு பரிந்துரை. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சேனலுக்காவது, கை சுத்தமாக இருக்கும்போதும் 30 விநாடி பொறுங்கள். பொறுக்க முடியாவிட்டால் சூப்பர் சாட், மெம்பர்ஷிப் வழியே நேராகக் காசு கொடுங்கள். இரண்டும் ஆகாதென்றால், தடுப்பான் போட்டவரைத் திட்டுவதையாவது விட்டுவிடுங்கள்.