லிஃப்டுக்கு எழுதிய கிலோவை மெத்தைக்கும் எழுதுங்கள்

அனுப்புநர்:
கனத்த உடம்புக்காரர்கள் சார்பில் ஒருவர்,
குயிலாப்பாளையம், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்தியத் தர நிர்ணய அமைவனம், மானக் பவன், புது தில்லி.
(வழி: தரமணி அலுவலகம், சென்னை)

பொருள்: நூறு கிலோ முதுகுகள் இரவுதோறும் பள்ளத்தில் விழுவது – மெத்தைமேல் இரண்டு எண்களும் படுக்கிற ஆளின் எடையும் அச்சிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

லிஃப்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சின்னத் தகடு ஒன்று உண்டு. '6 பேர், 408 கிலோ' என்று அதில் இருக்கும். எட்டுப் பேர் என்றால் 544 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்கிற இந்தக் கணக்கு ஐ.எஸ். 14665 என்ற தங்கள் ஏட்டிலிருந்து வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டாம் மாடிக்கு ஏற அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்துக்காக, உள்ளே நிற்பவர் எத்தனை கிலோ, கூட ஏறியவர்கள் எத்தனை கிலோ, கயிறு தாங்குமா என்றெல்லாம் தாங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நன்றி. அதே ஆள் வீட்டுக்குத் திரும்பி, ஏழெட்டு மணி நேரம் ஒரு பொருளின்மேல் மொத்த எடையையும் போட்டுக் கிடக்கிறார். அதன் உறைமேல் என்ன எழுதியிருக்கிறது? ஒரு மேகம், ஒரு இறகு, தூக்கத்தில் சிரிக்கிற ஒல்லியான பெண் ஒருத்தியின் படம், 'ஆர்த்தோ' என்றொரு சொல். நீளம், அகலம், உயரம், விலை எல்லாம் இருக்கும். யாரைத் தாங்கும் என்பது மட்டும் இருக்காது.

இந்த 'ஆர்த்தோ' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கல் மாதிரி இருப்பதும் கடையில் ஆர்த்தோதான்; களிமண் மாதிரி அமுங்கி மெல்ல எழுவதும் ஆர்த்தோதான். வாங்க வந்தவர் என்ன செய்வார்? உள்ளங்கையை வைத்து இரண்டு அமுக்கு அமுக்குவார். தைரியசாலியாக இருந்தால் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பாலிதீன் உறையைப் பிரிக்காததால் படுத்துப் பார்க்கக் கடைக்காரர் விடமாட்டார். கையால் அமுக்கும்போது மெத்தைக்குப் போவது சில கிலோ. நூற்றுப்பத்து கிலோ ஆள் மல்லாந்து படுத்தால், உடலின் ஏறக்குறைய பாதி எடையைச் சுமக்கிற நடுவுடம்பு அந்த மெத்தையின் நடுவில்தான் இறங்கும். கை சொன்னதற்கும் இடுப்பு சொல்லப்போவதற்கும் சம்பந்தமே இல்லை. கனத்த உடம்பு என்பது ஏதோ நாலைந்து பேரின் சொந்தச் சங்கடம் என்று தரமணி நினைத்துவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் உயரத்துக்கு மிஞ்சிய எடையோடு இருப்பதாகக் கணக்கிட்டது. இவர்கள் எல்லாரும் நூறு கிலோ அல்ல. ஆனால் 68 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் நிற்கலாமே தவிர, கட்டிலில் படுக்க முடியாது.

இடுப்புவலியும் எடையும் சேர்ந்தவருக்கு மெத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். தோளும் காலும் மேலே நிற்க, இடுப்பு மட்டும் உள்ளே போகும். முதுகு தூளியில் கிடக்கும் குழந்தையின் முதுகுபோல வளையும். குழந்தைக்கு அது சுகம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு விடிகாலை நாலு மணிக்கு முதுகைத் திருப்பவே இரண்டு கையும் வேண்டியிருக்கும். நாலங்குல ஃபோமாக இருந்தால் அது முழுக்க அமுங்கி, இடுப்பு பலகையில் போய்த் தட்டும். அப்போது அவர் படுத்திருப்பது மெத்தையில் அல்ல, கட்டிலில். அந்தக் கட்டிலும் குறுக்குச் சட்டங்களை அகலம் அகலமாக விட்டு, நடுவில் கால் இல்லாமல் செய்ததாக இருந்தால், என்ன விலை மெத்தையும் மூன்றே மாதத்தில் குழியாகும். சட்டத்தின்மேல் ஒரு பிளைவுட் பலகை போடுவது பல வீடுகளில் புது மெத்தையைவிட மலிவான வைத்தியம். இதைச் சொல்லக் கடையில் ஆள் இல்லை. பிளைவுட்டில் கமிஷன் இல்லையோ என்னவோ.

'இடுப்புவலிக்குப் பலகையில் படு' என்று சொல்லிவந்த பெரியவர்களும், அதையே எழுதிக் கொடுத்த பழைய டாக்டர்களும் இங்கே எழுந்து நிற்பார்கள். அவர்களுக்கு 2003இல் லேன்செட் இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வைக் காட்டலாம். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்கு, எந்த மெத்தை என்று சொல்லாமலே, பாதிப் பேருக்குக் கெட்டியானதும் மீதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டியானதும் கொடுத்தார்கள். ஐரோப்பியத் தர அளவில் 1 என்றால் கல், 10 என்றால் பஞ்சு. கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6. தொண்ணூறு நாள் கழித்துப் பார்த்தபோது, படுக்கையில் வலியும் எழும்போது வலியும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே அதிகம் குறைந்திருந்தன. பலகை வைத்தியம் அத்தோடு தோற்றது. ஆனால் ஐயா, இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஒரு கம்பெனி 'நடுத்தரம்' என்று உறைமேல் அச்சடித்தால் எங்களுக்கு என்ன லாபம்? நடுத்தரம் என்பது மெத்தைக்குள் இருக்கும் குணம் அல்லவே. ஐம்பத்தைந்து கிலோ மனைவிக்குக் கெட்டியாக இருப்பது நூற்றுப்பத்து கிலோ கணவனுக்குக் கொழகொழ. ஒரே மெத்தையில் இருவரும் படுத்தால், அவர் பள்ளத்தை நோக்கி இவர் இரவெல்லாம் உருண்டுகொண்டிருப்பார். அறுபது அங்குல அகல மெத்தைக்குப் பதில் முப்பது முப்பதாக இரண்டு தனி மெத்தைகளைச் சேர்த்துப் போடுவதுதான் அந்த வீட்டுக்கு நியாயம். ஆக, யார் எடைக்கு நடுத்தரம் என்பதைச் சொல்லாத எந்தச் சொல்லும் வெறும் அலங்காரம்.

எண் இல்லாத குறையா என்றால், அதுவும் இல்லை. பாலியூரிதேன் ஃபோம் மெத்தைக்கு ஐ.எஸ். 7933, ரப்பர் தெளித்த தேங்காய்நார்த் தகட்டுக்கு ஐ.எஸ். 8391 என்று தங்கள் அலமாரியில் ஏடுகள் இருக்கின்றன. ஃபோமின் கெட்டித்தன்மையை அளக்க ஒரு சோதனையும் உலகம் அறிந்ததே: சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுச் சிறிய வட்டத் தகட்டை வைத்து, கனத்தில் இத்தனை சதவீதம் அமுங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது. ஃபோமை வார்க்கும் தொழிற்சாலைக்கு அந்த எண் தெரியும். மெத்தை தைக்கும் கம்பெனிக்கும் தெரியும். திண்டிவனம் கடைக்கு வந்து சேரும்போது அது 'கிளவுட்', 'ராயல்' என்று மாறியிருக்கும். அடர்த்தியாவது சொல்கிறார்களே, '32 டென்சிட்டி, 40 டென்சிட்டி' என்று? சொல்கிறார்கள். அதையும் சோதிக்க வழி இருக்கிறது. 72க்கு 36, ஐந்தங்குல ஃபோம் கிட்டத்தட்ட 0.21 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டும். 40 என்றால் எட்டரை. தராசில் ஐந்து கிலோ காட்டினால் அது 23. கத்தரிக்காயை நிறுத்து வாங்குகிற ஊரில் மெத்தையை ஏன் நிறுக்கக் கூடாது? ஆனால் இதிலும் ஒரு பொறி. ஃபோம் கழிவைத் துண்டு துண்டாக்கிப் பசை போட்டு அமுக்கிய 'ரீபாண்டட்' வகை, தராசில் ராஜாவாக நிற்கும், படுத்தால் செங்கல். அதனால்தான் அடர்த்தி ஒன்று, கெட்டி ஒன்று என இரண்டு எண்கள் கேட்கிறோம்.

ஐரோப்பாக்காரர்களின் இ.என். 1957 சோதனையில், 140 கிலோ எடையுள்ள உருளையை மெத்தைமேல் 30,000 தடவை உருட்டி, எவ்வளவு உயரம் இழந்தது, எவ்வளவு மெத்தென்று ஆனது என்று அளக்கிறார்கள். அவர்கள் கற்பனையில் படுக்கிற ஆள் 140 கிலோ; தங்கள் கற்பனையில் ஏறுகிற ஆள் 68. இங்கே அந்த உருளையின் வேலையைச் செய்வது வாங்கினவரின் இடுப்பு. அதற்குரிய நீதிமன்றம் வாரன்டி அட்டை. பல அட்டைகளில் ஒரு அங்குலத்துக்குக் குறைந்த பள்ளம் கணக்கில் வராது. அளப்பதும் மெத்தைமேல் யாரும் படுக்காதபோது. ஆள் இல்லாத நேரத்தில் எந்தப் பள்ளமும் ஓரளவு நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். 'நூறு இரவு சோதனை' என்று ஆன்லைன் கம்பெனிகள் தருவதை மறுக்கவில்லை. ஆனால் நூறாவது இரவில் திருப்பி அனுப்ப, சுருட்டி வந்த அந்த மெத்தையைத் திரும்பச் சுருட்டக் கம்பெனியின் இயந்திரம் வேண்டும். செம்மண் தெருவில் அது ஏது?

தெருவில் பஞ்சடிக்கிறவர் இதைவிட நேர்மையாகத் தொழில் செய்தார். இலவம்பஞ்சு எத்தனை கிலோ என்று முதலில் பேசி, கண்ணெதிரே நிறுத்து, கண்ணெதிரே உறைக்குள் திணித்து, ஊசி போட்டார். நாலு வருடம் கழித்துக் கட்டிப்போனால் பிரித்து, அடித்து, மறுபடி தைத்துக் கொடுத்தார். இலவம்பஞ்சு நூறு கிலோ ஆளுக்கு ஏற்றதா என்றால் இல்லை, சீக்கிரம் தட்டையாகும். ஆனால் என்ன வாங்கினோம் என்பது வாங்கினவருக்குத் தெரியும். எங்கள் கடற்காற்றுப் புழுக்கத்துக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெமரி ஃபோம் 1966இல் நாசாவின் விமான இருக்கைகளுக்காகப் பிறந்த பொருள், சூட்டில் இளகுவது அதன் பிறவிக் குணம். கனத்த உடம்பு அதில் ஆழமாக இறங்கும், அக்னி நட்சத்திரத்தில் இன்னும் ஆழமாக. காற்றுப் போகிற நார் மெத்தையோ, கெட்டி அடித்தளத்தின்மேல் மெல்லிய மேலடுக்கோ எங்களுக்குச் சரிப்படலாம். அந்த நாருக்கும் ஒரு கதை இருக்கிறது. தேங்காய்நாரில் கால்மிதி செய்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மெத்தை செய்தால் 18. அது தங்கள் இலாகா இல்லை என்று தெரியும். பக்கத்துக் கட்டிடத்தில் யாரையாவது பார்த்தால், காலைவிட முதுகு எப்படிப் பணக்கார உறுப்பாயிற்று என்று கேட்டுச் சொல்லுங்கள்.

'முதலில் உடம்பைக் குறைக்கச் சொல்' என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கோப்பில் குறிப்பெழுதுவார். நல்ல யோசனைதான். குறைவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். கனத்தவர் இன்று ராத்திரி படுக்க வேண்டும். தூங்காதவன் காலையில் நடக்கவும் போகமாட்டான். 'தாத்தா வந்தவாசிக் கோரைப்பாயில்தான் படுத்தார்' என்பார் இன்னொருவர். தாத்தா அறுபது கிலோ, பகலெல்லாம் முந்திரிக்காட்டில் குனிந்து நிமிர்ந்தவர். பாயில் படுப்பதில் கஷ்டமில்லை, எழுவதில்தான்: ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, பக்கத்தில் சுவர் இருந்தால் அதையும் பிடித்து. இடுப்புவலியோடு நூற்றுப்பத்து கிலோவை அப்படித் தூக்குவது ஒரு பளுதூக்கும் போட்டி. மூன்றாமவர் அறிவாளி: 'சுகம் ஆளுக்கு ஆள் மாறும், அதற்குத் தரம் எழுத முடியாது' என்பார். சுகத்துக்குத் தரம் யார் கேட்டது? சட்டைக்கு 42 என்று எழுதுகிறவர்கள் அது அழகாக இருக்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. யாருக்குப் பற்றும் என்று சொல்கிறார்கள். இன்னொன்று: கால் மரத்துப்போகிற வலியோ, சிறுநீர் பிரிவதில் சிக்கலோ இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகக் கூடாது, பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த ஒரு வரியையும் உறைமேல் அச்சிட்டால் புண்ணியம்.

ஆகவே, அடர்த்தி இத்தனை, கெட்டி இத்தனை, படுக்கிற ஆளின் எடை இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று ஒவ்வொரு மெத்தையிலும், மேகத்துக்கும் இறகுக்கும் பக்கத்திலேயே, கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில் அச்சிட ஆவன செய்ய வேண்டுகிறோம். கையால் தைக்கிறவரை விட்டுவிடுங்கள்; அவர்தான் நிறுத்துக் காட்டிவிடுகிறாரே. சோதனைச்சாலைக்கு 140 கிலோ உருளை வாங்க நிதி ஒதுக்கீடு இல்லை என்றால் ஒரு தபால் போடுங்கள். புரண்டு படுத்துக் காட்ட இங்கிருந்தே ஆட்கள் தரமணிக்கு வருவார்கள், பஸ் சார்ஜ் மட்டும் கொடுத்தால் போதும். மாடியில் சோதனை என்றால் லிஃப்டில் '6 பேர்' என்று போட்டிருக்கும் இடத்தில் நாலு பேராக ஏறிக்கொள்கிறோம். ஆளுக்கு 102 கிலோ, கணக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
குயிலாப்பாளையத்திலிருந்து, ஒருக்களித்துப் படுத்தபடி.