சும்மா இருக்கச் சம்பளமா, சித்தப்பா?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முட்டிவலி தேவலையா? மண்டியில் இந்தப் பருவம் வெல்லம் என்ன விலைக்குப் போகிறது?

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். “வேலை போயிருச்சாமே கண்ணு, போனாப் போகுது. அங்க அமெரிக்காவுல கவர்மெண்டே வீட்டுக்குச் சம்பளம் அனுப்புதாம்ல? சும்மாதானே இருக்கே, தைப்பூசத்துக்கு வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ” என்று சொல்லியிருந்தீர்கள். நெய்க்காரப்பட்டி டீக்கடை வரைக்கும் இந்தச் சேதி போய்விட்டதாக அம்மாவும் சொன்னாள். போனில் விளக்கினால் பாதியில் குறுக்கே புகுந்து நியாயம் பேசுவீர்கள். ஆகவே கடிதம். நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

வேலை போனது நிஜம். பணம் வருவதும் நிஜம். அந்த ‘சும்மா’தான் பொய். வேலையில் இருந்தபோது எனக்கு மேலே ஒரே ஒரு மேனேஜர் இருந்தார். இப்போது ஒரு மாநில அரசாங்கமே இருக்கிறது. எந்த மாநிலம் என்று எழுத மாட்டேன். வாராவாரம் பணம் தருகிறவனைக் கடிதம் போட்டுக் குறை சொன்னான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

இதை யாரும் தானமாகத் தருவதில்லை, சித்தப்பா. இது இன்சூரன்ஸ். நாம் வேலையில் இருக்கும்போது நம் பேரில் முதலாளி வரி கட்டுகிறார். அலாஸ்கா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய 3 மாநிலங்களில் மட்டும் தொழிலாளி சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் பிடிக்கிறார்கள். மத்திய அரசின் வரி ஆளுக்கு முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டும்தான். அந்த 7,000 என்ற கணக்கு 1983-லிருந்து நகரவில்லை. மாநில வரி தனி. அதில்தான் சூட்சுமம்: எந்தக் கம்பெனியிலிருந்து அதிகம் பேர் வெளியேறிப் பணம் வாங்குகிறார்களோ, அந்தக் கம்பெனிக்கு வரி விகிதம் ஏறும். அதனால் நம்மை அனுப்பும்போது “குடும்பம் மாதிரி இருந்தோமே” என்று கண்கலங்கிய கம்பெனி, நாம் கிளெய்ம் போட்டதும் “இந்த ஆள் தானாகத்தான் போனார்” என்று பதில் எழுதுவதும் உண்டு.

விஸ்கான்சின் மாநிலம்தான் 1932-ல் முதலில் இதற்குச் சட்டம் போட்டது. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் நாடு முழுக்கப் பரவியது. முதல் செக் 1936 ஆகஸ்டில் நீல்ஸ் ரூட் என்பவருக்குக் கிடைத்தது. தொகை 15 டாலர். அதைப் பணமாக்காமல், சரித்திரச் சின்னமாக வைத்துக்கொள்ள விரும்பிய ஓர் அதிகாரிக்கு 25 டாலருக்கு விற்றுவிட்டார். வேலையில்லாப் பணத்தில் லாபம் பார்த்த ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

மற்றவர்களுக்கு அந்த யோகம் இல்லை. ஒரே நாடு, ஆனால் ஆளுக்கொரு கணக்கு. மிசிசிப்பியில் வாரத்துக்கு அதிகபட்சம் 235 டாலர், புளோரிடாவில் 275, கலிபோர்னியாவில் 450. மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் 1,000 டாலருக்கு மேலேயும் போகும். பல மாநிலங்களில் 26 வாரம் வரை தருவார்கள். புளோரிடாவில் வேலையின்மை குறைவாக இருக்கும் காலத்தில் 12 வாரத்தோடு கதவைச் சாத்திவிடுவார்கள். கலிபோர்னியாவில் 450 டாலரை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கட்டவே முடியாது. இதை டீக்கடையில் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.

இனி என் கதை. முதல் தடங்கல் எங்கே வந்தது தெரியுமா? பெயரில். நம் ஊரில் ‘ப. கார்த்திகேயன்’ என்றால் முடிந்தது. இங்கே கடைசிப் பெயர் இல்லாத மனுஷனே கிடையாது என்பதால் அப்பா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. அடையாளம் சரிபார்க்கும் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தாள்.

“மிஸ்டர் பழனிச்சாமியா?”

“அது எங்கப்பா.”

“அவரோடு பேச முடியுமா?”

“அவர் பழனிப் பக்கம் கரும்புக் காட்டில் இருப்பார்.”

“அப்படியென்றால் வேலை இழந்தது யார்?”

பிறகு பாஸ்போர்ட், லைசென்ஸ், சம்பளச் சீட்டு மூன்றையும் ஏற்றி, முகத்தை இடமும் வலமும் திருப்பிப் படம் கொடுத்து, நானே நான்தான் என்று நிரூபித்தேன். ஆனாலும் வருகிற கடிதமெல்லாம் “அன்புள்ள மிஸ்டர் பழனிச்சாமி, நீங்கள் வேலை இழந்ததை அறிந்தோம்” என்றே ஆரம்பிக்கிறது. அரசாங்கக் கணக்கில் வேலை போயிருப்பது உங்கள் அண்ணனுக்குத்தான். அவர் ஆயுளில் யாரிடமும் கைகட்டிச் சம்பளம் வாங்கியதில்லை. இதைச் சொன்னால் சிரிப்பாரா, அடிக்க வருவாரா என்று தெரியாமல் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

என் பாடாவது தேவலை. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள நம் ஆட்களுக்கு விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். பிறகு வங்கியிலிருந்து மருத்துவமனை வரை அவருக்கு அதுதான் பேர். ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் கிளெய்ம் அங்கேயே நிற்கும்.

இப்படிச் சரிபார்க்கிற அதிகாரிகளையும் குறை சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் இந்தப் பணத்தைச் சூறையாடிவிட்டார்கள். கலிபோர்னியாவில் மரண தண்டனைக் கைதிகள் பெயரில்கூட கிளெய்ம் போட்டுப் பணம் எடுத்திருக்கிறார்கள். பதவியில் இருந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் பெயரிலேயே ஒரு கிளெய்ம் போயிருக்கிறது. அந்தச் சூடு கண்டவர்கள் இப்போது என்னைக் கண்டாலும் சந்தேகப்படுகிறார்கள்.

அடுத்தது சம்பளக் கணக்கு. கடைசி மாதம் வாங்கிய சம்பளத்தைப் பார்த்துத் தொகை போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. முடிந்துபோன 5 காலாண்டுகளில் முதல் 4 காலாண்டுகளைத்தான் பார்ப்பார்கள். மே மாதம் விண்ணப்பித்தால் போன வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள சம்பளமே கணக்கு. சர்க்கரை ஆலைக்காரன் போன பருவத்துக் கரும்புக்கு இப்போது பில் போடுவானே, அந்தக் கதைதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இதில் இடி விழும். அவனுக்கு மட்டும், கேட்டால், பல மாநிலங்களில் சமீபத்திய காலாண்டுகளை வைத்து மாற்றுக் கணக்குப் போடுவார்கள். கேட்டால் என்பது முக்கியம். இன்னொன்று, குடியிருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கக் கூடாது, வேலை பார்த்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் முதல் வாரத்துக்குக் காசு கிடையாது. காத்திருப்பு வாரமாம். வேலை போன துக்கத்தை ஒரு வாரம் சொந்தச் செலவில் அனுசரிக்க வேண்டும்.

அதன் பிறகு வாராவாரமோ இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்வியாகத் திரையில் வரும். இந்த வாரம் வேலை செய்ய உடம்பில் தெம்பு இருந்ததா? கூப்பிட்டால் உடனே போகத் தயாராக இருந்தீர்களா? வந்த வேலையை வேண்டாம் என்றீர்களா? எங்காவது வேலை செய்தீர்களா, ஏதாவது சம்பாதித்தீர்களா? நம் ஊர்ப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. “ரெண்டு நாளா மேலுக்குச் சுகமில்லை, இப்பப் பரவாயில்லை” என்று எழுதினால் அந்த இரண்டு நாள் பணம் போச்சு. ஒரு சனிக்கிழமை தெரிந்தவர் தோசைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன். 80 டாலர் தருவதாகச் சொன்னார். அவர் அதை அடுத்த மாதம் கொடுத்தாலும் வேலை செய்த வாரத்தில்தான் காட்ட வேண்டும். அதுவும் பிடித்தம் போகக் கைக்கு வந்ததை அல்ல, முழுத் தொகையை. மறைத்தால் பின்னால் கண்டுபிடித்து, கொடுத்ததைத் திருப்பி வாங்கி, மேலே அபராதமும் போடுவார்கள்.

இப்போது தைப்பூசத்துக்கு வருகிறேன். வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்று வாராவாரம் சத்தியம் செய்கிறவன் பழனி மலையடிவாரத்தில் நின்றால் அது எப்படித் தயாராக இருப்பது? வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. நெய்க்காரப்பட்டியிலிருந்து லாகின் செய்து ‘தயார்’ என்று தட்டினால், எந்த ஊரிலிருந்து தட்டினேன் என்பது அவர்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். முருகன் மன்னித்தாலும் மாநிலம் மன்னிக்காது. வேலை இருக்கிறவனாவது லீவு போடலாம், சித்தப்பா. வேலை இல்லாதவனுக்கு லீவு கிடையாது.

வேலை தேடியதற்கும் கணக்கு எழுதி வைக்க வேண்டும். பல மாநிலங்களில் வாரத்துக்கு 3 இடமாவது தேட வேண்டும். எந்தத் தேதி, எந்தக் கம்பெனி, யாரிடம் பேசினேன், என்ன பதில் என்று மளிகைக் கடை நோட்டுக் கணக்காக எழுதுகிறேன். பதில் என்ற பத்தியில் எப்போதும் ஒரே வாசகம்தான்.

என்னிடம் கிரீன் கார்டு இருப்பதால் இந்தப் பாடாவது படுகிறேன். எச்-1பி விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவும் பொதுவாகக் கிடைக்காது. அவர்கள் பேரிலும் முதலாளி வரி கட்டியிருப்பார். ஆனால் வேலை போனதும் வேறு இடத்தில் உடனே சேர விசா இடம் தராதே, அப்புறம் எப்படித் தயாராக இருப்பதாகச் சொல்வது என்பது சட்டத்தின் வாதம். 2017-லிருந்து அவர்களுக்கு உள்ள அவகாசம் 60 நாள். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் பெட்டி. டீக்கடையில் இதையும் சொல்லிவிடுங்கள்.

கிளெய்மை நிராகரித்தால் பயப்படக் கூடாது. ஈரோட்டுக்காரர் ஒருவர் கதையைக் கேளுங்கள். எச்.ஆர். கூப்பிட்டு, “நீங்களே ரிசைன் செய்துவிட்டால் மரியாதையாக இருக்கும், இல்லையென்றால் நாங்கள் அனுப்ப வேண்டியிருக்கும்” என்றிருக்கிறார்கள். மரியாதைக்குப் பேர்போன நம் ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார். தானாக விலகியவருக்குப் பணம் இல்லை என்று மாநிலம் கைவிரித்தது. அப்பீல் செய்தார். அப்பீலுக்கு டெக்சாஸில் 14 நாள், கலிபோர்னியாவில் 30 நாள் என்று கெடு உண்டு. ஒரு நாள் தவறினாலும் சிக்கல். விசாரணை பெரும்பாலும் போனிலேயே நடக்கும். மறுமுனையில் நிஜமான நீதிபதி. ‘இல்லையென்றால் அனுப்ப வேண்டியிருக்கும்’ என்று எச்.ஆர். அனுப்பிய மின்னஞ்சல் இவரிடம் பத்திரமாக இருந்தது. அதைக் காட்டி ஜெயித்தார். அப்பீல் நடந்த காலமெல்லாம் வாராந்திர சாட்சியையும் விடாமல் சொல்லி வந்ததால் பழைய வாரங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்தது. அதை விட்டிருந்தால் ஜெயித்தும் அந்த வாரங்கள் போயிருக்கும்.

இவ்வளவும் கடந்து வருகிற பணத்துக்கு வருமான வரியும் உண்டு. வருஷம் முடிந்ததும் கணக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம் ஊரிலும் இது இல்லாமல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் காத்திருந்தால் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாவது தேறாதவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. 3 வருஷம் வரை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இங்கே வேலை பார்த்ததை நிரூபித்தால் பணம். அங்கே வேலையே கிடைக்காததை நிரூபித்தால் பணம்.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் முக்கியம். நம்ம சரவணன் வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில்தானே இருக்கிறான்? அவனுக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று உடனே கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அவன் பங்கு 0.75 சதவீதம், மில்காரர் பங்கு 3.25 சதவீதம். ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் அது என்று ஊரில் நினைக்கிறார்கள். 2018-லிருந்து அதில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. காப்பீட்டில் இருந்தவருக்கு வேலை போனால் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தருகிறார்கள். ஆயுளில் ஒரு தடவைதான். திட்டத்தின் கெடுவை அவ்வப்போது நீட்டி வருவதால், நடப்பு நிலவரத்தை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அவனிடம் நான் சொன்னதாக மூன்று காரியம் சொல்லுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். மில்லில் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், படித்துப் பார்க்காமல் எந்த விலகல் கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்,
கார்த்திகேயன்