பால் யாரு கறக்கறது?

வா கண்ணு, இப்படிக் கட்டல்ல வந்து உக்காரு. மூஞ்சிய ஏன் காய்ஞ்ச சுரக்காயாட்ட வெச்சிருக்கற? ஆவணி வந்தா உனக்கு முப்பத்திரெண்டு. பதினேழு எடத்துக்கு உன்ற ஜாதகம் போச்சு, பதினேழும் திரும்பி வந்துச்சு. மடிச்சு மடிச்சுக் காயிதம் கிழிஞ்சுபோச்சுன்னு ஜோசியரே புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டாரு, காசு வாங்காம. அந்தாளுக்கே மனசு கேக்கலையாமா.

நேத்து பல்லடம் ரோட்டு பேக்கரில நடந்ததை நான் ஒருக்காச் சொல்லறேன், கேளு. வீட்டுக்கு வந்து நீ சொன்ன கதையில அந்தப் புள்ள திமிரு புடிச்சவளா இருந்துச்சு. நான் பக்கத்து டேபிள்ல டீயும் தேங்கா பன்னுமா உக்காந்திருந்தனே, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். கேக்காதுன்னு சொல்லிட்டுத் திரியறது என்ற சௌகரியத்துக்கு.

என்ற காலத்துல பொண்ணு பாக்கறதுன்னா ஏழு பேரு வண்டி கட்டிட்டுப் போவோம். போறவங்கள்ல மாப்பிள்ளை இருக்கோணும்னு கட்டாயமில்ல. உன்ற அம்முச்சி மூஞ்சிய நான் வெளிச்சத்துல பாத்தது கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு. அதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம் பொடவைதான். நேத்து வந்த புள்ள வண்டில தனியா வந்தா. ஹெல்மெட்டைக் கழட்டி டேபிள் மேல வெச்சா. நீ அந்த ஹெல்மெட்டையே சாமி கும்புடறாப்பல பாத்துட்டு இருந்த.

சம்பளம் எவ்வளவுன்னு அவ கேக்கலை. தோட்டம் எத்தனை ஏக்கருன்னும் கேக்கலை. "வீட்டுல மாடு இருக்குங்களா?"ன்னா. நீ பெருமையா "நாலு"ன்ன. "பால் யாருங்க கறக்கறது?"

"எங்கம்மா. நாலரைக்கெல்லாம் எந்திரிச்சுருவாங்க."

"அவங்களுக்கு முடியாமப் போச்சுன்னா?"

அப்ப நீ பப்ஸைப் பாத்த. பப்ஸ் உன்னையப் பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் பதில் தெரியலை. "யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு சொல்லிப்போட்டு அந்தப் புள்ள டீயைக் குடிச்சா, அவ குடிச்சதுக்கு அவளே போனைக் காட்டிக் காசு கட்டினா. கல்லாவுல இருக்கற பொட்டி, "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்துச்சு. பேக்கரில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. உன்ற கவுரவம் போன வெலையை மைக்கு வெச்சுச் சொன்னாப்பல ஆயிப்போச்சு.

அதுக்கு உன்ற அம்மா ராத்திரி முச்சூடும் பொலம்புனா. "இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு எத்தனை கண்டிசன்!"னு. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு இருந்தேன். ஆனா பால் கணக்கு எழுதற நோட்டு இருக்குதில்ல, அதோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாரு. பெங்களூர்ல இருக்கற உன்ற தங்கச்சிக்கு மாப்பிள்ளை எப்படி வேணும்னு உன்ற அம்மா கைப்பட எழுதி வெச்சிருக்கறா. டவுனுல சொந்த வீடு. கம்பெனி வேலை. தறி வெச்சிருக்கறவங்க வேண்டாம், சத்தம் ஆகாது. தோட்டம் இருக்கலாம், ஆனா பாக்கற வேலை இருக்கக்கூடாது. மாடு அறவே கூடாதுன்னு எழுதி, அதுக்கு மட்டும் அடிக்கோடு வேற போட்டிருக்கறா.

அடுத்த வீட்டுப் பொண்ணு கேட்டாக் கண்டிசன், நம்மூட்டுப் பொண்ணு கேட்டா எதிர்பார்ப்பு! இந்த லொள்ளு நம்ம வீட்டுல மட்டும் இல்ல கண்ணு. பல்லடத்துல இருந்து தாராபுரம் வரைக்கும் எந்த வீட்டுப் பால் நோட்டை வேணும்னாலும் புரட்டிப் பாரு.

உன்ற அம்மாவைக் குத்தம் சொல்லறனாக்கும்னு நெனைக்காத. அவ எழுதுனது எழுத்தில்ல, முப்பது வருசத்து முட்டி வலி. இந்தக் கட்டல்ல படுத்திருந்தா, விடியால அவ எந்திரிக்கறப்ப அந்த முட்டி சடக்குங்கறது எனக்குக் கேக்குது. அந்த வலிக்கு வெதை போட்டவன் நான்தான்.

1989-ல கலைஞர் ஆட்சில ரெண்டு சங்கதி ஒட்டுக்கா வந்துச்சு. எட்டாவது வரைக்கும் படிச்ச ஏழைப் பொண்ணுக்குக் கல்யாணச் செலவுக்கு 5000 ரூவா, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேருல. இன்னொண்ணு, பூர்வீகச் சொத்துல பொம்பளப் புள்ளைக்கும் சமபங்குன்னு சட்டம். மொதல் சங்கதியைக் கேட்டதும் நான் உன்ற அம்மாவை எட்டாவது முடிய விட்டேன். படிப்பு மேல ஆசையில்ல, அஞ்சாயிரத்து மேல ஆசை. வருமானச் சர்ட்டிபிகேட்டுல நான் எப்படி ஏழையானேன்னு நீ கேக்கப்படாது. எட்டு முடிஞ்சதும் டீச்சரம்மா வீடு தேடி வந்துச்சு. "புள்ளைக்குக் கணக்கு நல்லா வருது, நிறுத்திப்போடாதீங்க"ன்னு வாசல்ல நின்னுட்டே கெஞ்சுச்சு. நான் அந்தம்மாகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"இவ பள்ளிக்கூடம் போயிட்டா பால் யாருங்க கறக்கறது?"

அந்தம்மாவும் பதில் இல்லாமப் போயிருச்சு. நேத்து பேக்கரில அதே கேள்வி திரும்பி வந்தப்ப எனக்குத் தேங்கா பன்னு தொண்டைக்குள்ள எறங்கலை.

ரெண்டாவது சங்கதிக்கும் நான் மருந்து கண்டுபுடிச்சேன். கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு ஒரு பட்டுப்பொடவையும் ஒரு பவுனும் குடுத்து, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி, பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். பேரைப் பாத்தியா கண்ணு, விடுதலைப் பத்திரம்! எழுதிக் குடுத்தவ இன்னும் சாணி அள்ளறா, விடுதலையானது உன்ற மாமன். அவன் காட்டை வித்துப்போட்டுக் கோயமுத்தூருக்குப் போயிட்டான். அவன் வீட்டு லிப்டுல ஏறுனா எனக்குத் தலை சுத்துது. அதனால கஞ்சி குடிக்கறது விடுதலை எழுதிக் குடுத்த மக வீட்டுல. சோத்துல ஒரு நா உப்பு கூடிப்போச்சுன்னாக் கூட நான் வாயத் தொறக்கறதில்ல. எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் தொறக்க?

அப்பறம் காலம் நமக்குத் தெரியாம இட்டேரி வழியா ஊருக்குள்ள வந்துருச்சு. மொதல்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு அரசாங்கத்து சைக்கிள் வந்துச்சு, பொறவு லேப்டாப்பு. 2021-ல டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லைன்னாங்க. தாலிக்குன்னு இருந்த அந்த மூவலூர் அம்மையார் காசையே 2022-ல படிப்புப் பக்கம் திருப்பி விட்டாங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச புள்ள காலேஜ் சேந்தா மாசம் 1000 ரூவா. புதுமைப் பெண்ணுன்னு பேரு. பசங்களுக்கு ரெண்டு வருசம் கழிச்சு, 2024 ஆகஸ்டுலதான் தமிழ்ப் புதல்வன் வந்துச்சு, அதையும் நம்ம கோயமுத்தூர்லதான் ஆரம்பிச்சாங்க. நம்ம பசங்க ரொம்பப் பின்தங்கிட்டாங்கன்னு தெரிஞ்சுதான் இங்க வந்தாங்களோ என்னமோ. காலேஜ் படிப்புல சேர்ற விகிதம் மொத்த நாட்டுக்கும் 28 சொச்சம்னா நம்ம தமிழ்நாட்டுக்கு 47ன்னு 2021-22 கணக்குல போட்டிருக்கறாங்க. பஸ்ஸுல ஏறிப் போன புள்ளைக எறங்கறப்ப வேற ஆளா எறங்குதுக. நாம இன்னும் பஸ் ஸ்டாப்புல மாலையோட நின்னுட்டு இருக்கறோம்.

இன்னொண்ணு சொல்லறேன், இது சிரிக்கற சங்கதியில்ல. நீ பொறந்த வருசங்கள்ல, வயித்துல இருக்கறது என்னன்னு பாக்க ஸ்கேன் சென்டருக்கு ராத்திரில காரு வெச்சுட்டுப் போவாங்க. பொறந்ததையே வேண்டாம்னு தள்ளறாங்கன்னுதான் 1992-ல சேலத்துல தொட்டில் கொழந்தைத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பாத்துச் சொல்லக்கூடாதுன்னு 1994-ல சட்டம் போட்டாங்க. 2001 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல ஆறு வயசுக்குட்பட்ட ஆம்பளப் பசங்க 1000 பேருக்குப் பொண்ணுக 942 பேருதான். கொறைஞ்ச பொண்ணுக எங்கடான்னா, ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. ஒத்தைப் பையன் போதும், காடு பங்காகாதுன்னு கணக்குப் போட்ட அதே பெருசுகதான் இன்னைக்கு "சீமைல பொண்ணே இல்ல"ன்னு கல்யாணத் தகவல் மையத்துல பணம் கட்டிட்டு உக்காந்திருக்கறாங்க. பொறக்க விடாத பொண்ணை எந்த ஜோசியன் கண்டுபுடிச்சுத் தருவான்?

நாற்பதைத் தாண்டின நம்ம ஊருப் பசங்க சிலபேரு புரோக்கரை வெச்சுப் பாலக்காட்டுப் பக்கம் போயிக் கட்டிட்டு வந்தாங்கல்ல? அதுல ஒரு வேடிக்கை. இங்க இருக்கறவரைக்கும் என்ன கூட்டம், எந்தக் கோயில், மாமன் மச்சான் யாருன்னு ஏழு தலைமுறைக்குத் துருவுவாங்க. வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டுனதும் சாதி தானா வண்டிய விட்டு எறங்கிக்குது! அங்க போயி ஒருத்தரும் கூட்டம் கேக்கறதில்ல. "பொண்ணு சமைப்பாளா"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. அதே ஆளுக, உள்ளூருல ரெண்டு சின்னஞ்சிறுசுக மனசுக்குப் புடிச்சுக் கட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்கன்னு 2016 மார்ச்சுல உடுமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அந்தப் பையனைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னப்பப் பாத்தோம். அன்னைக்கு டீக்கடைல எங்க செட்டு ஆளுக பேசுன பேச்சு இருக்குதே, அதை உன்ற காதுல போட எனக்கு வெக்கமா இருக்குது. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். டீ ஆறிப்போச்சு, வாய் தொறக்கலை.

சரி, அதை விடு. உன்ற பயோடேட்டாவுக்கு வரலாம். எவனோட புல்லட்டு அது? கறுப்புக் கண்ணாடி போட்டு அது மேல சாஞ்சு நிக்கற. வெயிலுக்கு ஒதுங்குன பனங்காடை மாதிரி இருக்கற. கீழ என்ன எழுதியிருக்கற? "குடும்பப் பாங்கான, வேலைக்குச் செல்லும் மணமகள் தேவை." வேலைக்கும் போகோணும், குடும்பப் பாங்காவும் இருக்கோணும், விடியால நாலரைக்குச் செவலை மாட்டு மடியைக் கழுவிக்கிட்டும் இருக்கோணும். சொசைட்டிப் பால் வண்டிக்கே காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்காதான் கண்ணு. நீ கேக்கற பொண்ணுக்கு அந்த எடைவேளை கூட இல்லையே.

"கறவை மெசினு வாங்கிப்போடலாம் அப்பிச்சி"ன்னு நேத்து வர்றப்ப வண்டில சொன்ன. நல்லது. மெசினை யாரு கழுவறது? உடனே "அம்மா"ன்ன. ஏன் கண்ணு, நீ எஞ்சினியருக்குத்தான படிச்ச? பன்னெண்டு தறியில நாடா எங்க சிக்குனாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி எடுத்து விடற. எண்ணெய்ல முழுகி எந்திரிக்கற, அசிங்கம் பாக்கறதில்ல. குடிச்ச டம்ளரைக் கழுவி வெக்கறதுக்கு மட்டும் கைல என்ன சுளுக்கு?

புத்தி சொல்லற யோக்கியதை எனக்கில்ல. ஆனா வயசு எழுபத்தெட்டாச்சு, வேற என்ன வேலை? பொண்ணுக மாறிட்டாங்க, மாறிட்டாங்கன்னு ஊரே ஒப்பாரி வெக்குது. அவங்க நம்மளை விட்டுப்போட்டு ஓடலை கண்ணு. அடுப்படிய விட்டு நாலெட்டு முன்னாடி வந்தாங்க, அவ்வளவுதான். அந்த நாலெட்டு எடம் காலியாக் கெடக்குது, ஒருத்தனும் அங்க போயி நிக்கலை. நின்னுட்டிருக்கறது உன்ற அம்மா ஒருத்திதான். அவளுக்கும் முட்டி போச்சு.

அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லலைங்கறதை நீ கவனிச்சியா? "யோசிச்சுச் சொல்லுங்க"ன்னுதான் சொன்னா. பதினேழு எடத்துல திரும்பி வந்தது ஜாதகம். இங்க வந்திருக்கறது கேள்வி. அன்னைக்கு என்ற வாசல்ல நின்ன டீச்சரம்மாவுக்கு நான் சொல்லாத பதிலை, நீ வேணும்னாப் போயிச் சொல்லு. போன்ல டைப்படிச்சு அனுப்பாத. கையில பால் வாசனையோட போயிச் சொல்லு, நம்புவா.

கெழவன் லொள்ளு பேசறான்னு எந்திரிச்சுப் போறயாக்கும். போ, போ. ஆனா இதை மட்டும் கேட்டுட்டுப் போ. செவலை புதுக்கையின்னா ஒதைக்கும். மொதல்ல கன்னுக்குட்டிய ஊட்ட விட்டுப் புடிச்சுக் கட்டு, மடிய வெதுவெதுன்னு தண்ணி விட்டுக் கழுவு, வெரலுக்குக் கொஞ்சம் வெளக்கெண்ணெய் தொட்டுக்க. மொத நாளு அரை லிட்டருதான் வரும், கை மணிக்கட்டு விட்டுப்போகும், சொசைட்டில சிரிப்பாங்க. சிரிச்சாச் சிரிக்கட்டும். சொம்பு திண்ணை மேல கவுத்தி வெச்சிருக்குது. நாளைக்கு விடியால நாலரைக்குக் கட்டுத்தறிக்கு வா, நான் லைட்டைப் புடிச்சுட்டு நிக்கறேன். வர்றப்ப கதவை மெதுவாச் சாத்து, உன்ற அம்மாவை எழுப்பிப்போடாத.